தம்பியின் கஞ்சாப் பழக்கத்திற்குச் சிகிச்சை தேடுகிறோம்: எந்த மையத்தை நம்புவது?

காவிரிக்கரை
ஞாயிறு, இரவு 10.15

அனைவருக்கும் வணக்கம். நான் தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்தவள். என் தம்பிக்கு 22 வயது ஆகிறது. வெளியூரில் பொறியியல் படித்தபோது, இரண்டாம் ஆண்டில் விடுதி நண்பர்களோடு சேர்ந்து கஞ்சா புகைக்கத் தொடங்கியிருக்கிறான். படிப்பு முடிந்து ஓராண்டு ஆகிவிட்டது. நான்கு தாள்கள் இன்னும் நிலுவையில் உள்ளன. காலையில் எழுந்ததும் ஒரு முறையும், மாலையில் இரண்டு மூன்று முறையும் புகைப்பதாகப் போன மாதம் அவனே என்னிடம் ஒப்புக்கொண்டான். "விட வேண்டும் என்றுதான் நினைக்கிறேன் அக்கா. மூன்றாம் நாள் தூக்கம் போய்விடுகிறது, யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வருகிறது, மறுபடியும் பொட்டலத்தைத் தேடிப் போய்விடுகிறேன்" என்று அழுதான்.

கடந்த கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தான். 48 நாளும் அவன் அதைத் தொடவில்லை என்பதை நான் உறுதியாகச் சொல்வேன். மலைக்குப் போய்வந்து மாலையைக் கழற்றிய அதே வாரத்தில் பழையபடி ஆகிவிட்டான். "48 நாள் இருக்க முடிந்தவனுக்கு அதற்குமேல் இருக்க முடியாதா? இது திமிர்" என்கிறார் அப்பா.

உறவினர் ஒருவர் சென்னைப் புறநகரில் உள்ள ஒரு மறுவாழ்வு மையத்தின் எண்ணைக் கொடுத்தார். பேசியவர், இரவில் வண்டியோடு நான்கு பேரை அனுப்பி அவனைத் தூக்கிக்கொண்டு போவதாகவும், 3 மாதம் வைத்திருப்பதாகவும், மாதம் 25,000 ரூபாய் கட்ட வேண்டும் என்றும், முதல் மாதம் நாங்கள் அவனைப் பார்க்கவோ பேசவோ கூடாது என்றும் சொன்னார். மருத்துவர் யார் என்று கேட்டேன்; "எல்லாரும் இருக்கிறார்கள்" என்பதற்கு மேல் பதில் இல்லை. வெள்ளிக்கிழமை வண்டி அனுப்புவார்களாம். அப்பா முன்பணம் கட்டத் தயாராக இருக்கிறார். தம்பிக்கு இது எதுவும் தெரியாது.

இதற்கு நாங்கள் சம்மதிக்கலாமா? வேறு வழி இருந்தால், எங்கள் ஊர்ப் பக்கத்திலேயே, எங்கே போய் யாரைக் கேட்பது? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.


வைகைவாசி
ஞாயிறு, இரவு 11.40

சகோதரி, வெள்ளிக்கிழமை வண்டியை எப்படியாவது நிறுத்துங்கள். மற்றவற்றை அப்புறம் பேசலாம்.

எனக்கு இப்போது 31 வயது. 24 வயதில் என்னை இப்படித்தான் கொண்டுபோனார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு முன்பின் தெரியாத நான்கு பேர் அறைக்குள் வந்து கையைக் கட்டித் தூக்கியபோது, வாசலில் என் அப்பா நின்றுகொண்டிருந்தார். அந்தக் காட்சி இன்றும் என் கனவில் வருகிறது. அங்கே போன முதல் நாள் தலையை மழித்தார்கள். ஒரே கூடத்தில் ஏறத்தாழ அறுபது பேர் படுத்திருந்தோம்; குடிநோயாளிகளும், மனநோயால் தமக்குத்தாமே பேசிக்கொண்டிருந்தவர்களும், என்னைப் போல் கஞ்சாவால் வந்த இளைஞர்களும் ஒன்றாகக் கிடந்தோம். 90 நாளில் மருத்துவர் என்று ஒருவரை ஒரே ஒரு முறை பார்த்தேன். எதிர்த்துப் பேசியவர்களுக்கு அடி விழுந்தது. வெளியே வந்த அன்று மாலையே நான் புகைத்தேன். அப்பாவோடு இரண்டு ஆண்டு பேசவில்லை. அந்த இரண்டு ஆண்டுகளில்தான் என் பழக்கம் மிக மோசமானது.

அதன் பிறகு நானாகவே ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவுக்குப் போனேன். ஐந்து ரூபாய்கூடச் செலவில்லை. வாரம் ஒரு நாள், செவ்வாய்க்கிழமை, ஓர் உளவியலாளர் அம்மையாரோடு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசினேன். எந்தத் தெருவில் போனால் கை பரபரக்கிறது, எந்த நேரத்தில், யாருடைய அழைப்பு வந்தால், சம்பளம் வந்த நாளில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு போகச் சொல்வார். முதல் மூன்று மாதத்தில் இரண்டு முறை வழுக்கினேன். அதை அவரிடம் சொன்னபோது அவர் கோபப்படவில்லை என்பதுதான் என்னை அடுத்த செவ்வாயும் போக வைத்தது. கடைசியாகப் புகைத்து நான்கரை ஆண்டு ஆகிறது.


மருத்துவர் நெய்தல்
திங்கள், காலை 6.50

சகோதரி, நான் அரசு மருத்துவமனை ஒன்றில் மனநல மருத்துவராகப் பணியாற்றுகிறேன். உங்கள் தம்பியை நேரில் பார்க்காமல் முடிவாக எதையும் சொல்ல முடியாது என்றாலும், நீங்கள் எழுதியவற்றைக் கொண்டு சிலவற்றைத் தயங்காமல் சொல்லலாம்.

மூன்றாம் நாள் அவனுக்கு வருவதைத் திமிர் என்று உங்கள் அப்பா நினைக்க வேண்டாம். கஞ்சாவை நாள்தோறும் புகைத்தவர் திடீரென நிறுத்தினால், ஒன்று முதல் மூன்று நாளுக்குள் எரிச்சல், பதற்றம், தூக்கமின்மை, பசியின்மை, வியர்வை, மனச்சோர்வு ஆகியவை தொடங்குகின்றன. முதல் வாரத்தில் உச்சத்தை எட்டுகின்றன. பெரும்பாலும் இரண்டு வாரத்தில் தணிகின்றன. தூக்கக் குலைவும் விசித்திரமான கனவுகளும் மட்டும் ஒரு மாதமோ அதற்கு மேலோ நீடிக்கலாம். கஞ்சாவை விட்டால் உடலுக்கு எந்த அவதியும் வராது என்ற எண்ணம் மருத்துவ உலகிலேயே நெடுங்காலம் இருந்தது. அமெரிக்க மனநல மருத்துவக் கழகத்தின் நோய்வகைப்பாட்டு நூலில் இந்த நிலை 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் தனியாக இடம்பெற்றது.

இந்த அவதி கடுமையானது, ஆனால் உயிருக்கு ஆபத்தானதன்று. நாள்தோறும் குடிப்பவரோ தூக்க மாத்திரைக்கு அடிமையானவரோ திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம்; அவர்களை மருத்துவக் கண்காணிப்பில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். ஆகவே தம்பி மதுவையோ, இளைஞர்களிடம் இப்போது பரவியிருக்கும் வலி மாத்திரைகளையோ சேர்த்து எடுக்கிறானா என்பதை அன்பாகக் கேட்டறியுங்கள். கஞ்சாவோடு சிகரெட்டுப் புகையிலையைக் கலப்பவர்கள் மிகப் பலர். அப்படியானால் புகையிலைப் பழக்கத்திற்கும் சேர்த்தே சிகிச்சை வேண்டும், இல்லையென்றால் ஒவ்வொரு சிகரெட்டும் கஞ்சாவை நினைவூட்டிக்கொண்டே இருக்கும்.

நீங்கள் எழுதியவற்றுள் எனக்கு மிக முக்கியமாகப் பட்டது மாலை போட்ட செய்தி. அந்த 48 நாளில் உங்கள் தம்பி நான் மேலே சொன்ன கட்டம் முழுவதையும் மருந்தின்றித் தாண்டியிருக்கிறான். நிறுத்த அவனுக்குத் தெரிந்திருக்கிறது. 49-ஆம் நாளைக் கடக்கத்தான் தெரியவில்லை. விரத நாள்களில் என்னவெல்லாம் மாறியிருந்தன என்று எண்ணிப் பாருங்கள். விடியற்காலைக் குளியல், இரு வேளை சரணம், குருசாமி, உடன் மாலையிட்ட நண்பர்கள், "சாமி" என்று மரியாதையாக அழைத்த தெரு, கூப்பிடவே தயங்கிய பழைய கூட்டாளிகள் என்று அவனைச் சுற்றி ஒரு வேலி இருந்தது. மாலை கழன்ற அன்று அந்த வேலி முழுவதும் ஒரே நாளில் கழன்றுவிட்டது. நல்ல சிகிச்சை என்பது அந்த வேலியைக் கொஞ்சம் கொஞ்சமாக அவனே கட்டிக்கொள்ளக் கற்றுத்தருவது. மூன்று மாதம் பூட்டி வைப்பது இன்னொரு மாலையைப் போட்டுக் கழற்றுவதற்கே ஒப்பாகும். அதில் பக்தியும் இல்லை, அவனுடைய சம்மதமும் இல்லை.

கஞ்சா அடிமைத்தனத்திற்கென்று அங்கீகரிக்கப்பட்ட மருந்து இதுவரை உலகில் எங்கும் இல்லை. தூக்கத்திற்கோ பதற்றத்திற்கோ சில நாள் மருந்து தரலாம். மனச்சோர்வு தனியே இருந்தால் அதற்குத் தரலாம். முதன்மையான சிகிச்சை பேச்சுதான். விடுவதற்கான ஊக்கத்தை அவன் வாயிலிருந்தே வரவழைக்கும் உரையாடல், தூண்டும் சூழல்களை அடையாளம் கண்டு எதிர்கொள்ளும் பயிற்சி ஆகிய இரண்டையும் இணைத்து நடத்தும் அமர்வுகளுக்கு நல்ல சான்று உள்ளது. அமெரிக்காவில் 450 பேரை வைத்து நடந்து 2004-இல் வெளியான ஆய்வொன்றில், இரண்டு அமர்வு பெற்றவர்களைவிட ஒன்பது அமர்வு பெற்றவர்கள் தெளிவாக முன்னேறினார்கள். ஆனாலும் ஒன்பது அமர்வு பெற்றவர்களுள்கூட முழுவதும் நிறுத்தியவர்கள் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவுதான். ஏனையோரில் பலர் வெகுவாகக் குறைத்திருந்தார்கள். இதை நான் மறைக்க விரும்பவில்லை. "90 நாளில் உறுதியான குணம்" என்று யாராவது சொன்னால், அவரிடம் உங்கள் தம்பியை ஒப்படைக்காதீர்கள்.

எங்கே போவது என்று கேட்டீர்கள். அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் புறநோயாளிப் பிரிவிலிருந்து தொடங்குங்கள். அங்கே மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் மூவரும் ஒரே இடத்தில் கிடைப்பார்கள். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டம் நடக்கிறது. 2025-இல் தமிழக அரசு "கலங்கரை" என்ற பெயரில் 25 இடங்களில் போதை மீட்பு மற்றும் மறுவாழ்வு மையங்களைத் தொடங்கியுள்ளது. உங்களுக்கு எது பக்கம் என்று மருத்துவமனையிலேயே கேளுங்கள். போதைப் பழக்கத்திற்கான தேசிய உதவி எண் 14446. ஒன்றிய அரசின் நிதியுதவி பெறும் தொண்டு நிறுவன மையங்களை அவர்கள் சொல்வார்கள், அங்கே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. அப்பாவோடு பேச யாராவது வேண்டும் என்றால் 14416-ஐ அழையுங்கள். "நட்புடன் உங்களோடு" என்று நம் மாநிலத்தில் அறியப்படும் அந்தச் சேவையில் இரவிலும் தமிழில் பேசுவார்கள். சென்னை வரை வர முடிந்தவர்களுக்கு, தம் கணவரைக் குடிநோய்க்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் 1980-இல் தொடங்கிய அறக்கட்டளையின் டி.டி.கே. மருத்துவமனை அடையாற்றில் இருக்கிறது. குடும்பத்தினருக்கும் சேர்த்தே சிகிச்சை தரும் வழக்கத்தை நம் ஊரில் வேரூன்றச் செய்த இடம் அது.

இருந்தாலும், உங்கள் தம்பியைப் பொறுத்தவரை ஒரு மணி நேரப் பேருந்துப் பயணத்தில் அடையக்கூடிய சாதாரணப் புறநோயாளிப் பிரிவு, தொலைவிலுள்ள பெரிய மையத்தைவிட மேல் என்பேன். அவன் வாரந்தோறும், மாதக்கணக்கில் போய்வர வேண்டுமே.


நல்லெண்ணம்
திங்கள், காலை 9.05

என் உறவினர் ஒருவருக்கு அவருக்கே தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுக்கும் பொடி ஒன்றை அஞ்சலில் வரவழைத்தார்கள். அவர் குடியைக் குறைத்துக்கொண்டார். கஞ்சாவுக்கும் அது இருக்கிறதாம். முயன்று பார்க்கலாமே?


மருத்துவர் நெய்தல்
திங்கள், பிற்பகல் 2.30

உங்கள் நல்ல நோக்கம் புரிகிறது. தயவுசெய்து யாருக்கும் இதைப் பரிந்துரைக்காதீர்கள். இத்தகைய பொடிகளில் என்ன இருக்கிறது என்பதற்கு யாரும் பொறுப்பேற்பதில்லை. குடியை நிறுத்த மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிரம் என்ற மாத்திரை மதுப் பழக்கத்திற்கு மட்டுமே உரியது. அதை ஒருவர் அறியாமல் உட்கொண்டு மது அருந்தினால் உயிரே போகலாம். கஞ்சாவுக்கு அப்படிப்பட்ட மருந்தே கிடையாது. மேலும், சோற்றில் எதையோ கலக்கிறார்கள் என்று தெரிந்த பிள்ளை, தாயின் கையால் சாப்பிடுவதையே நிறுத்திவிடுவான்.


கொங்குத்தாய்
திங்கள், மாலை 4.10

கண்ணு, ஒரு தாயாக ஒன்றை மட்டும் சொல்ல வருகிறேன். என் மகனும் கல்லூரியில்தான் பழகினான். பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள், கைப்பேசியில் தன்னை ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சொல்லத் தொடங்கியபோது, போதையில் உளறுகிறான் என்று நாங்கள் எட்டு மாதம் விட்டுவிட்டோம். கஞ்சாவை நிறுத்திய பிறகும் அந்தக் குரல்கள் நிற்கவில்லை. அவனுக்கு மனநோய் தொடங்கியிருந்தது. இப்போது மருந்தில் நன்றாக இருக்கிறான். ஒரு கடையில் கணக்கெழுதுகிறான். அந்த எட்டு மாதத்தை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

உங்கள் தம்பி காரணமில்லாமல் சந்தேகப்படுகிறானா, தனியே சிரிக்கிறானா, குளிக்காமல் இருக்கிறானா, குடும்பத்தில் யாருக்காவது மனநோய் இருந்ததா என்பதையெல்லாம் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வெட்கப்பட்டு மறைக்காதீர்கள்.


மருத்துவர் நெய்தல்
திங்கள், மாலை 6.00

அம்மா எழுதியதை ஒவ்வொரு பெற்றோரும் படிக்க வேண்டும். சுவீடனில் இராணுவத்திற்குச் சேர்க்கப்பட்ட 45,000-க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டு தொடர்ந்து கவனித்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், மிகுதியாகக் கஞ்சா புகைத்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆறு மடங்காக இருந்தது. புகைப்பவர் எல்லாருக்கும் இது வருவதில்லை. ஆனால் அறிகுறி தெரிந்தால் ஒரு வாரம்கூடத் தாமதிக்கக் கூடாது. அம்மா, அந்த எட்டு மாதம் உங்கள் குற்றமன்று. போதையின் மயக்கமா நோயின் தொடக்கமா என்று பிரித்தறிய எங்களுக்கே சில வாரங்கள் ஆவதுண்டு.


பொருநை வழக்கறிஞர்
திங்கள், இரவு 9.20

சட்டம் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். மருத்துவமனைக்குப் போனால் காவல் துறைக்குத் தெரிந்துவிடும், வழக்கு வரும், அரசு வேலை போய்விடும் என்ற அச்சத்தால்தான் பல குடும்பங்கள் பூட்டிவைக்கும் இடங்களைத் தேடிப் போகின்றன.

மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைப் பாதிப்புகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. அதன்படி சிகிச்சை பெறுபவரின் செய்திகளை இரகசியமாகக் காப்பது மருத்துவரின் கடமை. போதைப்பொருள் தடுப்புச் சட்டம், 1985-இன் 64ஏ பிரிவோ இன்னும் ஒரு படி மேலே போகிறது: போதைப்பொருளை உட்கொண்ட குற்றத்திற்கோ, சிறிய அளவு தொடர்பான குற்றத்திற்கோ குற்றஞ்சாட்டப்பட்ட அடிமைப்பட்டவர், அரசு நடத்தும் அல்லது அரசு ஏற்பளித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர்மீது வழக்கு நடத்தக் கூடாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். கஞ்சாவுக்குச் சிறிய அளவு என்பது ஒரு கிலோ வரை. இதை வைத்திருக்க அனுமதி என்று யாரும் பொருள் கொள்ள வேண்டாம். சிறிய அளவுக்கும் ஓராண்டு வரை சிறைத் தண்டனை உண்டு.

இனி அந்த வண்டியைப் பற்றிப் பேசுகிறேன். மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, 22 வயதானவரை அவர் விருப்பமின்றிச் சேர்க்க வேண்டுமானால், ஒரு மனநல மருத்துவரும் இன்னொரு வல்லுநரும் தனித்தனியே பரிசோதித்து, அவர் தன்னையோ பிறரையோ காயப்படுத்தும் நிலையில் இருக்கிறார் அல்லது தன்னைப் பேணிக்கொள்ள இயலாத அளவு பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று முடிவு செய்ய வேண்டும். அப்போதும் முதலில் 30 நாள் வரைதான். அப்பா கையெழுத்திட்டார் என்பதால் நான்கு பேர் வந்து தூக்கிக்கொண்டு போவது சிகிச்சையாகாது; சட்டத்தின் பார்வையில் அது சட்டவிரோதக் காவல். கட்டாயமாகத் தலையை மழிப்பதை இச்சட்டம் தடை செய்கிறது. சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. உறவினரைப் பார்க்கவும், நியாயமான நேரத்தில் தொலைபேசியில் பேசவும் நோயாளிக்கு உரிமை தருகிறது. முதல் மாதம் பேசவே கூடாது என்ற நிபந்தனை ஒன்றே போதும், அந்த இடம் எப்படிப்பட்டது என்று அறிய. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் மாண்டார்கள். அதற்குப் பிறகும் பதிவில்லாத இடங்களுக்கு நாம் பணம் கட்டி அனுப்பிக்கொண்டிருக்கிறோம் என்பது எனக்கு ஆறாத வேதனை.

எந்த மையமானாலும் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்கிறதா என்று கேட்டு, சான்றிதழைக் கண்ணால் பாருங்கள். மருத்துவக் காப்பீடு இருக்கிறது என்று நம்பித் தனியார் இடத்தில் சேர்ப்பவர்கள் ஒப்பந்தத்தை முதலில் படியுங்கள். மது, போதைப் பழக்கத்திற்கான சிகிச்சையை விலக்கும் பிரிவு பெரும்பாலான பாலிசிகளில் இருக்கிறது.


பாலாற்றங்கரை
செவ்வாய், காலை 7.15

நான் கொஞ்சம் மாறுபட்டுப் பேச வேண்டியிருக்கிறது. உள்நோயாளியாகச் சேர்ப்பதே தவறு என்பதுபோல் இந்த உரையாடல் போகிறது. அது எல்லாருக்கும் பொருந்தாது. என் மகனுக்கு 26 வயது. பொட்டலம் விற்பவன் எங்கள் தெருவிலேயே இருந்தான். புறநோயாளியாக மூன்று முறை தொடங்கினோம். மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியிலேயே மூன்று முறையும் தோற்றோம். குடியும் சேர்ந்துவிட்டது. கடைசியில் அவனிடமே பேசி, அவன் சம்மதித்த பிறகு, பதிவு பெற்ற ஒரு மையத்தில் 30 நாள் சேர்த்தோம்.

சேர்க்கும் முன் நான் நேரில் போய்ப் பார்த்தேன். மனநல மருத்துவர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறார், இரவில் செவிலியர் உண்டா, ஓர் ஆலோசகருக்கு எத்தனை பேர், சமையலறையும் கழிவறையும் எப்படி இருக்கின்றன, அவனே வெளியேற விரும்பினால் என்ன நடக்கும் என்றெல்லாம் கேட்டேன். முன்பு அங்கே இருந்துவிட்டுப் போன இரண்டு பேரின் குடும்பத்தாரோடு, அவர்கள் சம்மதத்தின்பேரில், பேச வைத்தார்கள். எல்லாவற்றையும்விட, வெளியே போன பிறகு எத்தனை மாதம் தொடர்வீர்கள் என்று கேட்டேன். முதல் மூன்று மாதம் வாரந்தோறும், பிறகு ஓராண்டு வரை மாதந்தோறும் என்றார்கள், அப்படியே செய்தார்கள். அந்த 30 நாள் இல்லாவிட்டால் என் மகனுக்கு மூச்சு விட இடமே கிடைத்திருக்காது. அவன் திரும்பி வருவதற்குள் நாங்கள் வீட்டையும் மாற்றிவிட்டோம்.


மருத்துவர் நெய்தல்
செவ்வாய், பிற்பகல் 1.40

ஐயா சொல்வதை முழுமையாக ஏற்கிறேன். வேறு போதையும் சேர்ந்திருந்தால், தற்கொலை எண்ணம் இருந்தால், மனநோய் அறிகுறி இருந்தால், வீட்டுச் சூழலே தூண்டுதலாக இருந்தால், உள்நோயாளிச் சிகிச்சை வேண்டியிருக்கும். நீங்கள் கேட்ட கேள்விகளைவிட நல்ல கேள்விகள் எனக்குத் தோன்றவில்லை. காவிரிக்கரை சகோதரி எழுதியதில் அந்த நிலைகள் எதுவும் தெரியவில்லை, அவனும் விட விரும்புகிறான் என்பதால்தான் புறநோயாளியாகத் தொடங்கலாம் என்றேன்.


காவிரிக்கரை
வியாழன், இரவு 9.50

எல்லாருக்கும் நன்றி. உங்கள் பதிவுகளை அச்செடுத்து அப்பாவிடம் கொடுத்தேன். வைகைவாசி அண்ணன் வாசலில் அப்பா நின்றதை எழுதிய பகுதியை இரண்டு முறை படித்தார். பிறகு ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் போய்விட்டார். மறுநாள் காலை அவரே அந்த மையத்தை அழைத்து வர வேண்டாம் என்று சொன்னார். திட்டினார்களாம், "பிள்ளையைக் கொன்றுவிடாதீர்கள்" என்று பயமுறுத்தினார்களாம்.

நேற்று நானும் தம்பியும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனோம். நீண்ட வரிசை. மூன்று மணி நேரம் காத்திருந்தோம். நடுவில் அவன் எழுந்து போய்விடுவானோ என்று பயந்தேன். இளம் மருத்துவர் ஒருவர் முதலில் அவனிடம் தனியாகப் பேசினார், பிறகு என்னிடம். மது இல்லை, மாத்திரை இல்லை, சிகரெட்டு மட்டும் உண்டு. கொங்குத்தாய் அம்மா சொன்னபடி எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் பெரியப்பா ஒருவருக்கு மனநோய் இருந்ததையும் மறைக்கவில்லை. இப்போதைக்கு அப்படி அறிகுறி இல்லை, ஆனால் கவனமாக இருக்க வேண்டும் என்றார். பத்து நாளுக்குத் தூக்கத்திற்கு மருந்து, புதன்கிழமைதோறும் உளவியலாளரிடம் வர வேண்டும். இன்று அவன் நிறுத்திய முதல் நாள். மூன்றாம் நாளை எப்படிக் கடப்பது?


வைகைவாசி
வியாழன், இரவு 10.30

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் அவனைத் தனியே விடாதீர்கள், ஆனால் காவல் காப்பதுபோலவும் இருக்காதீர்கள். அவன் கத்துவான், அதற்குப் பதில் கத்த வேண்டாம். மாலையில் வேர்க்கும்வரை நடக்கட்டும் அல்லது சைக்கிள் மிதிக்கட்டும். சோறு இறங்காது; கஞ்சி, மோர், பழம் என்று கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். பிற்பகலுக்கு மேல் காபி, தேநீர் வேண்டாம். வைத்திருக்கும் கஞ்சா சுருட்டும் தாள், லைட்டர், மிச்சப் பொட்டலம் எல்லாவற்றையும் அவன் கையாலேயே எறியச் சொல்லுங்கள். கெட்ட கனவு வந்து விழித்தால் அது குணமாவதன் அடையாளம் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள். எனக்கு யாரும் சொல்லாததால் பைத்தியம் பிடிக்கிறது என்று பயந்து மறுபடி புகைத்தேன்.


காவிரிக்கரை
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு

தம்பி 24 நாளாகப் புகைக்கவில்லை என்கிறான். நானும் நம்புகிறேன். ஆனால் அப்பா மருந்துக்கடையில் சிறுநீர்ச் சோதனை அட்டை ஒன்றை வாங்கி வந்து அவனைச் சோதித்தார். கஞ்சா இருப்பதாகக் காட்டிவிட்டது. வீட்டில் பெரிய சண்டை. "இனி எதற்கு விட வேண்டும்?" என்று கேட்கிறான். என்ன செய்வது, மருத்துவர் அம்மா?


மருத்துவர் நெய்தல்
ஞாயிறு, மாலை 5.25

அவன் பொய் சொல்கிறான் என்று அந்த அட்டை நிரூபிக்கவில்லை. கஞ்சாவின் போதைக்கூறு கொழுப்பில் கரைவது. உடற்கொழுப்பில் தங்கிச் சிறிது சிறிதாக வெளியேறும். எப்போதோ ஒரு முறை புகைத்தவருக்கு மூன்று நான்கு நாளில் சோதனை தெளிந்துவிடும். நாள்தோறும் பல முறை, ஆண்டுக்கணக்கில் புகைத்தவருக்கு 30 நாளும் அதற்கு மேலும்கூடச் சிறுநீரில் காட்டும். இதை அப்பாவிடம் இன்றே சொல்லுங்கள். முடிந்தால் அவரே தம்பியிடம் "எனக்குத் தெரியவில்லை" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். சோதனை வேண்டுமானால் அதை மருத்துவமனையில், அவன் சம்மதத்தோடு, உளவியலாளர் வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் வேண்டாம்.


காவிரிக்கரை
ஐந்து நாள் கழித்து, வெள்ளி

அப்பா சொன்னார். நேரடியாகச் சொல்லவில்லை, மோட்டார் சைக்கிளின் சாவியை அவன் கையில் கொடுத்து, "புதன்கிழமை நீயே ஓட்டிக்கொண்டு போய்வா" என்றார். இந்த வாரம் அவன் தனியாகவே அமர்வுக்குப் போய்வந்தான். நிலுவைத் தாள்களில் இரண்டுக்குத் தேர்வுக் கட்டணமும் கட்டியிருக்கிறான்.

ஒரு கேள்வி. அடுத்த மாதம் கோயம்புத்தூரில் அவனுடைய விடுதி நண்பனுக்குத் திருமணம். பழைய கூட்டம் முழுவதும் வரும். போகக் கூடாது என்றால் மனம் உடைந்துவிடுவான். போ என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.


வைகைவாசி
வெள்ளி, இரவு 11.05

இதை வருகிற புதன்கிழமை உளவியலாளரிடம் அவனே கேட்கட்டும். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்பதை அங்கேயே ஒத்திகை பார்த்துக்கொள்ளட்டும். என் அனுபவத்தில், முதல் நாள் இரவு வரவேற்புக்கும் நண்பர்கள் எடுக்கும் அறைக்கும் போகவே கூடாது. காலை முகூர்த்தத்துக்கு மட்டும் நீங்களும் உடன் போங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டு, மாப்பிள்ளையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு, மதியப் பேருந்தில் ஏறிவிடுங்கள். திரும்பும் பேருந்துக்கு இன்றே இரண்டு இருக்கைகளை முன்பதிவு செய்து, பயணச்சீட்டை அவனிடமே கொடுத்துவிடுங்கள்.